ஊட்டி உறைபனியில் செடிகளைக் காப்பாற்ற

ஊட்டிப் பக்கம் நவம்பர் கடைசியில் தொடங்கும் உறைபனி பிப்ரவரி வரைக்கும் விட்டு விட்டு வரும். வானம் மேகமில்லாமல், காற்றும் அசையாமல், சாயங்காலமே விரல் விறைக்கிறதா? அன்றைக்கு ராத்திரி நிச்சயம் உஷாராக இருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதனால்தான் மேட்டுத் தேயிலை தப்பிக்க ஓடையோரத் தேயிலை கருகுகிறது.

மதியமே மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரியில் மெல்ல விடும். பொழுது சாயும் முன் மூடிவிட வேண்டும்: பழைய சாக்கு, போர்வை, எதுவானாலும் சரி. இங்கே தேயிலைக்குத் தாகைச் செடியை வெட்டிப் பரப்புவார்கள், தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போடுவார்கள். பிளாஸ்டிக் தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் நான்கு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். மூடியின் ஓரம் தரையைத் தொடணும், தண்டோடு சேர்த்துக் குடை மாதிரி கட்டினால் மண்ணின் சூடு உள்ளே தங்காது. வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

அப்படியும் கருகிவிட்டதா? உடனே கத்தரிக்கோலைத் தூக்காதீர்கள், நானும் அவசரப்பட்டு வெட்டி, வந்த புதுத்தளிரையும் அடுத்த பனிக்குக் கொடுத்தவன்தான். பனிக்காலம் முடிந்ததும் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டினால் போதும்.