குட்டி அம்பாசடருக்கு காரைக்குடிப் புழுதி

1:24 அளவு மாடல் காரில் ஊர்ப்புழுதி ஏற்ற, கடைப் பவுடர் தேவையில்லை. நம் செம்மண்ணே போதும். ஆனால் அள்ளித் தூவிவிடாதீர்கள். இந்த அளவில் 1 மி.மீ. மணல், நிஜக் காரில் 24 மி.மீ. ஜல்லிக்குச் சமம்! மண்ணை வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தால் முகப்பவுடர் மாதிரி வரும்.

பளபளப்பான பெயிண்டில் மண் நிற்காது. கண்ணாடிகளை டேப்பால் மறைத்துவிட்டு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடியுங்கள். காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, பின் பம்பரில் மட்டும் சலித்த மண்ணைத் தடவுங்கள். கூரையிலும் அப்பினால், கானாடுகாத்தான் கொட்டகையில் பத்து வருஷம் கிடந்த வண்டி போலாகிவிடும். (அதுதான் வேண்டுமென்றால், சரி!) அப்புறம் எட்ட நின்று லேசாக இன்னொரு வார்னிஷ். கிட்டே அடித்தால் புழுதி நனைந்து மறைந்துவிடும்.