நேபாளக் கிராமப் பள்ளிக்கு நூலகம் அமைக்கப் போகிறீர்களா?

பெங்களூரு அல்சூரிலிருந்து நேபாள மலைக்கிராமப் பள்ளி ஒன்றுக்கு, நூலகம் அமைக்கவும் ஆங்கிலம் சொல்லித்தரவும், இரண்டு மாதம் போய் வந்தேன். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அங்கே கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கும். உங்கள் மீது குற்ற வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளோடு பழகப் போகிறவரிடம் அதைக் கேட்காத இடம் என்றால் எனக்கு யோசனைதான்.

புத்தகத் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. பெங்களூரு சர்ச் தெருவில் பழைய ஆங்கில நாவல்களை மூட்டையாக வாங்கிப் போனேன். ஒரு பிள்ளையும் தொடவில்லை. அப்புறம் குழந்தைகள் புத்தகம் வெளியிடும் நம்ம பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து நேபாளிக் கதைகளையும் அவற்றின் ஆங்கில வடிவத்தையும் இலவசமாக இறக்கி, அச்சடித்துத் தைத்தோம். அன்று மதியமே போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புத்தக முதுகில் கலர் டேப் ஒட்டுங்கள்: பக்கத்துக்கு ஒரு வரி இருந்தால் பச்சை, பத்தி பத்தியாக இருந்தால் சிவப்பு. அலமாரியைப் பூட்டவே பூட்டாதீர்கள்.

ஆங்கில வகுப்பைத் தனியாக எடுக்காதீர்கள். உள்ளூர் ஆசிரியர் நேபாளியில் கதை சொல்லட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் வாசியுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் வகுப்பு நடக்க வேண்டுமே. கடைசி வாரம், இரவல் நோட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் ஒப்படையுங்கள்.