புல்தரைக்குப் பதில் பொடுதலையும் பூச்செடிகளும்

வெளிநாட்டு வீடியோக்களில் புல்லுக்குப் பதிலாக வளர்க்கும் வெள்ளைக் குளோவர் என்ற படர்செடி ஊட்டிக் குளிரில் வளரும். கடலூர், புதுச்சேரி வெயிலில் தாங்காது. அதன் இடத்துக்கு இங்கே சரியானது பொடுதலை. தரையோடு படரும், மிதித்தாலும் எழும், உப்புக்காற்றையும் தாங்கும்.

பழைய புல்லை ஒழிப்பதில்தான் பாதி வேலை. அருகம்புல்லின் வேர்த்தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். ஏப்ரல், மே வெயிலில் தரையை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி 6 வாரம் விடுங்கள். கோரைக் கிழங்கு இதற்கும் சாகாது; கொத்திப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

நடவுக்கு ஆகஸ்ட் நல்லது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை அடிப்பதற்குள் வேர் பிடித்துவிடும். வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கும் பொடுதலைக் கொடியை 10-15 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். இலைக்காம்பு சேரும் கணுவிலிருந்துதான் வேர் விடும், ஆகவே இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகட்டும். அடிக்கு ஒன்று வீதம், 10க்கு 10 அடிக்கு சுமார் 100 துண்டு. கடலூர்க் கடலோரத் தாழங்குடா பக்கத்து மணலென்றால் மக்கிய தொழு உரம் தாராளமாகக் கலக்க வேண்டும். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண்ணுக்குக் கொத்திவிட்டாலே போதும். முதல் மூன்று வாரம் தினமும் தண்ணீர்.

ஓரங்களில் தும்பை, விஷ்ணுகிராந்தி விதைகளை மணலில் கலந்து தூவுங்கள். ஆழப் புதைக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் விஷ்ணுகிராந்தி அழுகும், அதை மேட்டில் வையுங்கள்.

இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்க வேண்டாம், அது வண்ணத்துப்பூச்சிப் புழுவாக இருக்கலாம். பூக்கும்போது தேனீ மொய்க்கும். குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் இடமென்றால் பூவை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.