குளிர்ப்பகுதியில் கான்கிரீட்டின் தொடக்க வலிமை: முதிர்ச்சிக் கணக்கின் மூலம் சென்டரிங் பிரிக்கும் நாளை அறிவது எப்படி?

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தாலும் இரவில் அது 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான பகுதிகளில் உறைபனி விழும் நாள்களில் பூஜ்யத்தையும் தொடும். அங்கே வீடு கட்டுபவர்களுக்கும், மேற்பார்வைப் பணிக்குப் புதிதாக வந்த பொறியாளர்களுக்கும் எழும் முதல் கேள்வி, தளம் போட்டு எத்தனை நாளில் முட்டுகளை எடுக்கலாம் என்பதே. சமவெளியில் பழகிய மேஸ்திரி தாம் அறிந்த நாள் கணக்கைச் சொல்வார். கோயம்புத்தூரில் அது சரியாக இருக்கும். உதகையின் ஜனவரியில் அதே நாள் கணக்கை நம்பி முட்டுகளை எடுப்பது ஆபத்தானது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 456:2000-இல் சென்டரிங் பிரிப்பதற்கான காலங்கள் தரப்பட்டுள்ளன. 4.5 மீட்டர் வரை அகலம் தாண்டும் தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரங்களின் முட்டுகளுக்கு 21 நாள் என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆனால் அந்தக் காலங்கள் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கும், சுற்றுப்புற வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பட்டியலை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலரும் இந்த நிபந்தனையைச் சொல்வதில்லை. அதே நூல் வேறொரு நிபந்தனையும் வைக்கிறது: பலகையைப் பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட் மீது எவ்வளவு தகைவு (சுமையால் ஓர் அலகுப் பரப்பில் ஏற்படும் விசை) வருமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வலிமையை அது அடைந்திருக்க வேண்டும். எனவே அறிய வேண்டியது நாள் அல்ல, வலிமை. அந்த வலிமையை வெப்பநிலையிலிருந்து கணக்கிடும் முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

குளிரில் என்ன நடக்கிறது?

சிமென்ட் தண்ணீருடன் வினைபுரிந்துதான் இறுகுகிறது. அது வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை. எல்லா வேதிவினைகளையும் போல இந்த வினையும் குளிரில் மெதுவாகிறது. 27 டிகிரியில் நடக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் 12 டிகிரியில் நடக்கும். இதனால் வலிமை தாமதமாக வரும், அவ்வளவே. ஈரமும் பாதுகாப்பும் குறையாமல் இருந்தால், மிதமான குளிரில் மெதுவாக வளர்ந்த கான்கிரீட் இறுதியில் நல்ல வலிமையையே அடையும். தொடக்கத்தில் மிகுந்த வெப்பத்தில் அவசரமாக வளர்ந்த கான்கிரீட்டைவிட அது மேலானதாகவும் அமைவதுண்டு.

உறைதல் வேறு விஷயம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. இன்னும் வலுப்பெறாத கான்கிரீட்டுக்குள் இது நடந்தால் உள்ளமைப்பு பிளந்துவிடும்; பிறகு எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினாலும் இழந்த வலிமை முழுமையாகத் திரும்பாது. அமெரிக்க நடைமுறையில் 3.5 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்), ஐரோப்பிய நடைமுறையில் 5 மெகாபாஸ்கல் வலிமை வரும்வரை கான்கிரீட்டை உறையவிடக் கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். நாம் 5 மெகாபாஸ்கலையே எல்லையாகக் கொள்வோம்.

படி 1: எவ்வளவு வலிமை வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்

தளத்தை வடிவமைத்த பொறியாளரிடம், முட்டு எடுக்கும்போது கான்கிரீட் எத்தனை மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் எடுத்துக்காட்டில், எம்25 கான்கிரீட்டுக்கு (28 நாளில் 25 மெகாபாஸ்கல் வலிமை தர வேண்டியது) அதன் 70 சதவீதமான 17.5 மெகாபாஸ்கல் தேவை என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 2: உங்கள் கலவைக்கான வளைவை வரையுங்கள்

வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்ய வேண்டும். தளத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே சிமென்ட், அதே ஜல்லி, அதே எம்-சாண்ட், அதே தண்ணீர் அளவு ஆகியவற்றைக் கொண்டு 150 மி.மீ. கியூப்களை வார்த்து, ஆய்வகத்தில் 27 டிகிரியில் நீராற்றி, 1, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் நாளுக்கு மூன்று கியூப் வீதம் உடைத்துச் சராசரி எடுங்கள்.

இனி ஒவ்வொரு நாளுக்கும் முதிர்ச்சி எண்ணைக் கணக்கிட வேண்டும். கான்கிரீட்டின் வெப்பநிலையையும் அந்த வெப்பநிலையில் அது இருந்த மணிநேரத்தையும் பெருக்கினால் வருவதே முதிர்ச்சி. அதை டிகிரி-மணி என்று சொல்வோம். 27 டிகிரியில் ஒரு நாள் என்றால் 27 × 24 = 648 டிகிரி-மணி. மூன்று நாளுக்கு 1,944, ஏழு நாளுக்கு 4,536. ஒரே கலவையில் செய்த கான்கிரீட், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் கழித்திருந்தாலும், முதிர்ச்சி எண் சமமானால் வலிமையும் ஏறத்தாழ சமமாக இருக்கும் என்பதே இந்த முறையின் அடிப்படை. 1949-இல் நர்ஸ் (Nurse) என்ற ஆய்வாளரும் 1951-இல் சால் (Saul) என்ற ஆய்வாளரும் நீராவியால் பதப்படுத்தும் கான்கிரீட்டுக்காக உருவாக்கிய கருத்து இது. இன்று குளிர்ப்பகுதிகளில்தான் இதன் அருமை நன்றாகத் தெரிகிறது.

பாடநூல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். பாடநூல்களில் வெப்பநிலையுடன் 10 அல்லது 11 டிகிரியைக் கூட்டிப் பெருக்கச் சொல்லியிருப்பார்கள். சிமென்ட்டின் வினை பூஜ்யத்துக்குக் கீழும் சிறிது நடக்கும் என்பதே காரணம். நான் பூஜ்யத்திலிருந்தே எண்ணச் சொல்கிறேன். பத்தைக் கூட்டினால், 12 டிகிரியில் இருக்கும் கான்கிரீட் 27 டிகிரியில் இருப்பதைவிட 1.7 மடங்கு மெதுவானது என்று கணக்கு வரும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2.25 மடங்கு என்று வரும். உண்மை நிலை சுமார் இரண்டு மடங்கு. முதல் கணக்கு பிழையானால் முட்டு முன்கூட்டியே கழற்றப்படும். இரண்டாவது பிழையானால் ஓரிரு நாள் கூடுதலாகக் காத்திருப்போம். மனிதர்கள் கீழே நின்று வேலை செய்யும் தளத்துக்கு எந்தப் பிழை ஏற்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அமெரிக்கத் தர முறையான ஏ.எஸ்.டி.எம். சி 1074-உம் வேதிக்கலப்பு சேர்க்காத சாதாரண சிமென்ட்டுக்குப் பூஜ்யத்தையே பரிந்துரைக்கிறது.

எடுத்துக்காட்டாக, கியூப் முடிவுகள் இப்படி வந்தன என்று கொள்வோம்: 648 டிகிரி-மணியில் 5 மெகாபாஸ்கல், 1,944-இல் 13, 4,536-இல் 21, 9,072-இல் 27, 18,144-இல் 32. முதிர்ச்சியைக் கிடைமட்டத்திலும் வலிமையைச் செங்குத்திலும் குறித்து, புள்ளிகளை ஒரு சீரான வளைவால் இணையுங்கள். நமக்கு வேண்டிய 17.5 மெகாபாஸ்கல் ஏறக்குறைய 3,150 டிகிரி-மணியில் கிடைக்கும். இந்த எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. சிமென்ட்டின் பிராண்ட் மாறினாலும், ஓபிசிக்கு (சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்) பதில் பிபிசி (போசலானா கலந்த போர்ட்லாண்ட் சிமென்ட்) வந்தாலும், புதிய வளைவு வரைய வேண்டும்; பிபிசியின் தொடக்க வலிமை குளிரில் இன்னும் மெதுவாக வரும் என்பதால் இதில் தளர்வு கூடாது.

படி 3: கலவையைச் சூடாகத் தொடங்குங்கள்

காலையில் குவியலில் உள்ள ஜல்லியும் மணலும் 6 டிகிரி, சிமென்ட் 10 டிகிரி, தண்ணீர் 6 டிகிரி என்று இருந்தால் கான்கிரீட் சுமார் 6.5 டிகிரியில்தான் வெளிவரும். அந்தத் தண்ணீரை மட்டும் 60 டிகிரிக்குச் சூடாக்கினால், கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட், 1,850 கிலோ ஜல்லியும் மணலும், 165 லிட்டர் தண்ணீர் கொண்ட கலவை 20 டிகிரிக்கு வந்துவிடும். ஒரு கிலோ தண்ணீர் தாங்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஒரு கிலோ ஜல்லி தாங்கும் என்பதால், அளவில் குறைவான தண்ணீரைக் கொண்டே இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய முடிகிறது. செலவைப் பார்த்தாலும் இதைவிட எளிய வழி இல்லை.

சூடான தண்ணீரை நேராகச் சிமென்ட் மீது ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது உடனே கட்டிதட்டும். மிக்சரில் முதலில் ஜல்லி, மணல், சுடுநீர் ஆகியவற்றைப் போட்டுச் சுழலவிட்டு, வெப்பம் பரவிய பிறகு சிமென்ட்டைப் போடுங்கள். ஜல்லிக் குவியலை முந்தைய மாலையே தார்ப்பாயால் மூடிவையுங்கள். அதன்மேல் படியும் உறைபனி, உருகுவதற்கே தண்ணீரின் சூட்டில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு சேர்க்கும் யோசனையை யாராவது சொன்னால், கம்பி உள்ள கான்கிரீட்டில் அதை அனுமதிக்காதீர்கள். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். குளோரைடு இல்லாத முடுக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்ப்பதானால் படி 2-இன் கியூப்களிலும் அதே அளவு சேர்த்திருக்க வேண்டும்.

படி 4: வெப்பமானிக் கம்பிகளைப் பதியுங்கள்

கே வகை தெர்மோகப்பிள் கம்பியும் அதற்கான கையடக்க மீட்டரும் போதும். கம்பியின் இரு இழைகளையும் நுனியில் முறுக்கிப் பற்றவைத்து, அந்த நுனி இரும்புக் கம்பியைத் தொடாதபடி டேப் சுற்றி, சிறு மரத்துண்டு ஒன்றை இடையில் வைத்துக் கட்டுங்கள். கான்கிரீட் கொட்டும்போதும் வைப்ரேட்டர் விடும்போதும் இழுபடாமல், கம்பி வலையின் அடிப்பக்கமாகவே அதை வெளியே கொண்டுவாருங்கள்.

எங்கே பதிப்பது என்பதுதான் முக்கியம். தளத்தின் நடுப்பகுதி எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். குளிர் முதலில் தாக்குவது விளிம்பு, மூலை, சன்ஷேடு, மேற்பரப்பிலிருந்து இரண்டு செ.மீ. வரையிலான பகுதி ஆகியவற்றைத்தான். மேகமில்லாத இரவில் தளத்தின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். ஆகவே நடுவில் ஒன்று பதித்தால், ஓரத்திலும் மேற்பரப்பை ஒட்டியும் குறைந்தது இரண்டு பதியுங்கள். முடிவெடுக்கும்போது அவற்றுள் மிகக் குறைந்த முதிர்ச்சியைக் காட்டும் இடத்தையே கணக்கில் எடுங்கள்.

படி 5: மூடுங்கள்

மட்டம் தட்டி முடித்தவுடன் மேற்பரப்பில் பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் உலர்ந்த சாக்கு அல்லது வைக்கோல், எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாதபடி தார்ப்பாய் என்ற வரிசையில் மூடுங்கள். சாக்கு உலர்ந்திருந்தால்தான் சூட்டைக் காக்கும். நனைந்த சாக்கு சூட்டை உறிஞ்சி வெளியே விடும். ஈரத்தைப் பாலித்தீனே உள்ளே பிடித்துக்கொள்ளும். சமவெளியில் செய்வது போலப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை உறைபனி எதிர்பார்க்கும் இரவுகளில் தவிர்க்க வேண்டும். தளத்தின் அடியில் கரி அடுப்பு மூட்டிச் சூடாக்கும் வழக்கம் இரு வகையில் கேடானது: அதன் கரியமில வாயு புதிய கான்கிரீட்டின் மேற்பரப்பை மாவாக உதிரச்செய்யும், மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

படி 6: முதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள்; இயன்றால் முதல் இரண்டு நாள் இன்னும் அடிக்கடி. அடுத்தடுத்த இரு அளவுகளின் சராசரியை இடைப்பட்ட மணிநேரத்தால் பெருக்கி, முந்தைய கூட்டுத்தொகையுடன் சேர்க்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழான நேரத்துக்கு எதையும் சேர்க்காதீர்கள்.

காலை 10 மணிக்குப் போட்ட தளத்தின் ஓரத்தில் இப்படிப் பதிவானது என்று கொள்வோம்: காலை 10 மணிக்கு 20 டிகிரி, பிற்பகல் 2 மணிக்கு 23, மாலை 6 மணிக்கு 21, இரவு 10 மணிக்கு 17, பின்னிரவு 2 மணிக்கு 13, விடியற்காலை 6 மணிக்கு 10, மீண்டும் காலை 10 மணிக்கு 11. பிற்பகலில் அளவு ஏறுவதற்குச் சிமென்ட்டின் சொந்த வினை வெப்பமும் ஒரு காரணம். ஆறு இடைவெளிகளின் சராசரிகள் 21.5, 22, 19, 15, 11.5, 10.5, அவற்றின் கூட்டுத்தொகை 99.5, நான்கு மணியால் பெருக்கினால் 398 டிகிரி-மணி. ஆய்வக கியூப் முதல் நாளில் பெற்ற 648-உடன் இதை ஒப்பிடுங்கள். 5 மெகாபாஸ்கல் இன்னும் வரவில்லை; எனவே இரண்டாம் இரவிலும் போர்வையை அகற்றக் கூடாது.

அதன்பின் சராசரி 11.5 டிகிரியிலேயே நிலைத்தால் நாளொன்றுக்கு 276 டிகிரி-மணி சேரும். 648-ஐ எட்டுவது ஏறத்தாழ 46-ஆவது மணியில். நமக்கு வேண்டிய 3,150 கிடைக்க 11 நாள் ஆகும். ஆய்வகத்தின் ஏழாம் நாள் வலிமை இந்தத் தளத்துக்கு வந்து சேர 16 நாள் பிடிக்கும். ஏழாம் நாளில் இந்தத் தளம் பெற்றிருக்கும் முதிர்ச்சி 2,054 மட்டுமே. வளைவில் அது 13 மெகாபாஸ்கலைச் சற்றே தாண்டிய இடம். தேவையோ 17.5.

படி 7: சரிபார்த்த பிறகே பிரியுங்கள்

முதிர்ச்சிக் கணக்குக்கு வெப்பமும் நேரமும் மட்டுமே தெரியும். மிக்சரில் யாரோ கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும், வைப்ரேட்டர் சரியாக விடாததும் அதற்குத் தெரியாது. ஆகவே தளம் போடும் அன்றே அதே கலவையிலிருந்து மூன்று நான்கு கியூப் கூடுதலாக எடுத்து, தளத்தின் மீதே, அதே போர்வைக்குள் வைத்திருந்து, பிரிப்பதற்கு முன் உடைத்துப் பாருங்கள். சிறிய கியூப் தளத்தைவிட விரைவாகக் குளிரும் என்பதால் அதன் வலிமை சற்றுக் குறைவாகவே வரும். குறைந்த வலிமையைக் கண்டு காத்திருப்பதால் கேடு ஒன்றும் இல்லை. மேற்பரப்பில் தட்டி, துள்ளும் அளவைக் கொண்டு வலிமையை மதிப்பிடும் ரீபவுண்டு சுத்தியலை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். உறைந்த கான்கிரீட்டின் மீது அது உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும்.

கணக்கும் கியூப்பும் 17.5-ஐக் காட்டி, ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாள்களும் கடந்திருந்தால்தான் முட்டுகளை எடுக்கலாம். வெயில் நன்றாக அடித்து முதிர்ச்சி முன்கூட்டியே வந்துவிட்டாலும் தரநூலின் நாள்களைக் குறைக்க வேண்டாம். பிரிக்கும் வேலையை முற்பகலில், தளம் சற்றுச் சூடேறிய பிறகு தொடங்கி, அகலத்தின் நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி முட்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சன்ஷேடு போன்ற நீட்டல்களில் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி வாருங்கள். மேல்தளத்துக்கான செங்கலும் மணலும் அன்றே தளத்தில் ஏற்றப்படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானிக் கம்பிகளின் வெளிநுனிகளை வெட்டாமல் விட்டுவைத்து, வளைவில் 25 மெகாபாஸ்கலுக்குரிய முதிர்ச்சி வரும்வரை நாளுக்கு இரண்டு முறையாவது அளவெடுத்துக்கொண்டிருங்கள்.