துண்டு போட்டு இடம் பிடிக்கலாம், பீனிக்ஸ் பேஸ்பால் மைதானத்திலும்

சம்பா அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, மகன் வீடு மகள் வீடு என்று அமெரிக்காவில் அரிசோனா பக்கம் கிளம்புகிற நம் தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் போய் இறங்குகிற மாசி, பங்குனியில்தான் அங்கே பேஸ்பால் முன்னோட்ட ஆட்டங்கள் நடக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை, பீனிக்ஸைச் சுற்றி 10 மைதானங்கள், 15 அணிகள். கேக்டஸ் லீக் என்பார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் சீசன் கணக்கில் சேராது, அதனால் ஆட்டக்காரர்களும் கொஞ்சம் இலகுவாக இருப்பார்கள்.

டிக்கெட்டுக்குச் சனி, ஞாயிறை மறந்துவிடுங்கள். மகனுக்கு லீவு இல்லையா, சரி, அவரை விட்டுவிட்டுச் செவ்வாய், புதனில் போங்கள். மெசாவில் கப்ஸ் அணி, கிளெண்டேலில் டாட்ஜர்ஸ் அணி ஆட்டம் என்றால் கூட்டம் அம்மும், விலையும் ஏறும். முதல் தடவை பார்க்கிறவருக்கு எந்த அணியாக இருந்தால் என்ன? குட்இயர் மைதானத்துக்குப் போங்கள், கார்டியன்ஸ், ரெட்ஸ் இரண்டுக்கும் அதுதான் வீடு, நிம்மதியாக உட்காரலாம். டிக்கெட் போனில்தான் வரும். அதை உங்கள் போனுக்கே அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மகன் கார் நிறுத்திவிட்டு வரும்வரை வாசலில் காய வேண்டியதுதான்.

இடம் என்று கேட்டால் என் ஓட்டு புல்மேட்டுக்கு. அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை மாதிரி சரிவாக இருக்கும், சீட் நம்பர் கிடையாது, பெரும்பாலும் மலிவும் அதுதான். திருவையாறு ஆராதனையில் பந்தலுக்குள் இடம் பிடித்த அனுபவம் இருந்தால் போதும், கதவு திறந்ததும் உள்ளே போய் ஜமக்காளத்தை விரித்துவிடுங்கள். ஆனால் பெரும்பாலான ஆட்டம் மதியம் 1 மணியை ஒட்டித்தான் தொடங்கும், அங்கே நிழலே கிடையாது. தொப்பி இல்லாமல் போகாதீர்கள். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயதானவர்கள் பந்தடிக்கிற இடத்துக்குப் பின்னால், கூரைக்குக் கீழே மேல் வரிசைகளைப் பார்த்து வாங்குங்கள். பை, சாப்பாடு விதிகள் மைதானத்துக்கு மைதானம் மாறும், புளியோதரை கட்டும் முன் அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள்.

தாமதமாகப் போனால் வீண். மொத்தம் 9 இன்னிங்ஸ் (இரண்டு அணியும் ஆளுக்கொரு தடவை பேட் பிடித்தால் ஒன்று), பெரிய ஆட்டக்காரர்கள் 4, 5 முடிவதற்குள் உள்ளே போய்விடுவார்கள், அப்புறம் ஆடுவது பெயர் தெரியாத பையன்கள்தான். கையெழுத்து வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு முன்பே வேலியோரம் போய் நில்லுங்கள், பேரப்பிள்ளையை முன்னால் நிறுத்தினால் இன்னும் நல்லது.

ஊருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே மதியம் 1 என்றால் இங்கே ராத்திரி 1.30.

இன்னொன்று. புல்மேட்டில் ஹோம் ரன் பந்து, நம்ம சிக்ஸர் மாதிரி வேலி தாண்டி அடித்தது, வந்து விழும். எடுத்தவருக்கே சொந்தம். கிரிக்கெட் பழக்கதோஷத்தில் நான் அதை மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட்டேன், பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.