ஜெனிவாவுக்கு மனு எழுதும் முன்

கடலுக்குப் போனவர் திரும்பாத ஒரு வீட்டில், குமரி மாவட்டத்துத் தூத்தூரிலோ வள்ளவிளையிலோ, உட்கார்ந்து குறிப்பெடுக்கும் களப்பணியாளருக்கு 'ஜெனிவாவில் உள்ள ஐ.நா.வுக்கே எழுதிவிடலாம்' என்று தோன்றுவது இயல்பு. தாராளமாக எழுதலாம். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் எழுதும்போதுதான் உழைப்பு வீணாகிறது.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. ஆனால் தனிநபர் புகாருக்கு இடம் தரும் அதன் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. அதனால் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் ஒரு பெண்ணின் புகாரை அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு விசாரிக்க முடியாது. இந்திய அரசின் அறிக்கை அந்தக் குழுவின் பரிசீலனைக்கு வரும்போது தொழிலாளர்களின் நிலையை மாற்று அறிக்கையாக, அதாவது மக்கள் அமைப்புகள் தரும் அறிக்கையாக, கொடுக்கலாம். தனி ஒருவரின் பாதிப்பை எழுத வேண்டிய இடம் சிறப்பு அறிக்கையாளர்கள், அதாவது ஐ.நா. மனித உரிமைப் பேரவை நியமிக்கும் தனி நிபுணர்கள்.

அடுத்தது காலம். ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் அலசும் உலகளாவிய காலமுறை மீளாய்வில் ஒரு நாட்டின் முறை ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். 2017 மே மாதம் இந்தியாவின் மீளாய்வு முடிந்தது. நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. அடுத்த மீளாய்வு 2022 நவம்பரில்தான் வந்தது. அதற்கான அறிக்கையையும் பல மாதங்கள் முன்பே அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கிடையில் உள்ளூர்க் கதவை மறந்துவிடுகிறோம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் தேசிய, மாநில மனித உரிமை ஆணையங்கள் அதை விசாரிப்பதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுத்த மனுவின் ரசீதைக்கூட பத்திரப்படுத்தாமல், 'மீனவர்கள் பெரும் துயரில் உள்ளனர்' என்று மட்டும் எழுதினால் ஜெனிவாவில் இருப்பவரால் என்ன செய்ய முடியும்? தேதி, இடம், நடந்தது என்ன, எந்த அதிகாரியிடம் முறையிட்டோம் என்பவை வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது ஒப்புதல் வாங்குவதில் நாம் காட்டும் அவசரம். சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதினால் அனுப்பியவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும். பாதிக்கப்பட்டவரின் பெயரோ பொதுவாக அரசுக்குப் போகும். 60 நாட்களுக்குப் பிறகு, அறிக்கையாளர் அரசுக்கு எழுதிய கடிதமும் பொதுவெளியில் வெளியாகும். பாதுகாப்பு நமக்கு, ஆபத்து அவருக்கு. எவ்வளவு பெரிய அநியாயம்! வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. எழுதியதை அவருக்குப் புரியும் பேச்சில் வாசித்துக் காட்டுங்கள். பெயர் எங்கெல்லாம் போகும் என்று சொல்லுங்கள். வீட்டாரோடு பேசிவிட்டு வர இரண்டு நாள் விடுங்கள். வேண்டாம் என்றால், பெயரும் அடையாளமும் நீக்கி, அந்த விவரத்தை மாற்று அறிக்கையில் சேர்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.