வெல்ஷ் டிராக்ட் எங்கே? தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் பழைய நிலப்பத்திரம் ஒன்றில் 'வெல்ஷ் டிராக்ட்' என்று கண்டதும் உடனே கூகுள் மேப்பைத் திறக்காதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு நிலப்பரப்புகள் உண்டு. 1680-களில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த குவேக்கர்களுக்கு (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஒதுக்கச் சம்மதித்த 40,000 ஏக்கர், பிலடெல்பியாவுக்கு மேற்கே மெரியான், ஹேவர்ஃபோர்ட், ராட்னர் பக்கம் இருக்கிறது. 1701-இல் கொடுக்கப்பட்ட 30,000 ஏக்கர் இன்றைய டெலவேர் மாநிலத்தில், கொஞ்சம் மேரிலாந்துக்குள்ளும் நீள்கிறது.

சரி, பிலடெல்பியா பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த சறுக்கல் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவு. மெரியான் 1784-இல்தான் மான்ட்கோமெரி கவுண்டிக்குப் போனது. அதற்கு முந்தைய பத்திரங்களைப் பிலடெல்பியா கவுண்டியில் தேட வேண்டும். ஹேவர்ஃபோர்டும் ராட்னரும் 1789 வரை செஸ்டர் கவுண்டி. அப்புறம்தான் டெலவேர் கவுண்டி வந்தது. இது பென்சில்வேனியாவுக்குள் இருக்கிறது, டெலவேர் மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. இன்ஷியலில் அப்பாவைச் சுமக்கிறவர்களுக்கு வெல்ஷ் 'ஆப்' சட்டென்று புரியும். 'இன்னாரின் மகன்' என்று பொருள். பிலடெல்பியா பக்க நிலத்தில் 5,000 ஏக்கருக்கான பத்திரம் இருவர் பெயரில் இருந்தது. அவர்களில் ஒருவர் ஜான் ஆப் தாமஸ். அவர் பிள்ளைகளோ ஜான் மகன் என்ற கணக்கில் ஜோன்ஸ் ஆகிவிட்டார்கள். தாமஸ் என்று தேடிக்கொண்டே இருந்தால் குடும்பமே காணாமல் போகும். இன்னொன்று: அவர் 1683-இல், கப்பலேறும் முன்பே இறந்துவிட்டார். பத்திரத்தில் பெயர் இருப்பதால் அங்கே குடியிருந்தார் என்று எழுதிவிடக் கூடாது.

தேதியிலும் பொறி உண்டு. குவேக்கர்கள் மாதங்களைப் பெயரால் அல்ல, எண்ணால் எழுதுவார்கள். 1752-க்கு முன் அவர்களுக்கு முதல் மாதம் ஜனவரி அல்ல, மார்ச்.

ஆனால் என் அனுபவத்தில் அதிகம் பேர் தடுமாறுவது எல்லை வரைவதில். 'வெள்ளை ஓக் மரத்திலிருந்து இத்தனை போல்' என்று எழுதியிருக்கும். போல் (pole) என்பது பழைய நீள அளவு. ஒரு போல் 16.5 அடி. மரம் எப்போதோ போயிருக்கும். திசையும் அன்றைய காந்த ஊசி காட்டியது. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்றைய வடக்கோடு பொருந்தாது. ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைலில் சுமார் 90 அடி தள்ளிப்போகும். அதனால் ஒரே துண்டை வைத்து மல்லுக்கட்டாமல், நம் ஊர்ப் பத்திரங்களில் சக்குபந்தி பார்ப்பதுபோல் பக்கத்து நிலக்காரர் பெயர்களை எடுத்து, அவர்களுடைய சர்வே வரைபடங்களையும் ஒரே அளவில் வரைந்து ஒட்டிப் பாருங்கள். ஓடையோ பழைய சாலையோ ஏதாவது ஒரு துண்டில் மாட்டும். மற்றவற்றை அதிலிருந்து நகர்த்திக்கொள்ளலாம்.